வாரத்துக்கு விட்ட தையல் மிஷின்

சென்ற ஞாயிற்றுக்கிழமை என் ஃபிரிட்ஜ் வீடு திரும்பியது.

சும்மா வரவில்லை. குட்டி யானை வண்டியில், பழைய பட்டுப்புடவை போர்த்தி, நைலான் கயிறு கட்டி, கல்யாணப் பெண் மாதிரி வந்து இறங்கியது. கூடவே சங்கரலிங்கம் சார். சங்கராபுரத்தில் அரசு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் தெருக்கோடியில் வீடு. நான் ஊரில் இல்லாத மூன்று மாதமும் ஃபிரிட்ஜ் அவர் ஹாலில்தான் குடியிருந்தது.

"மேடம், ஒரு நாள்கூட ப்ளக் சொருகலீங்க. கதவைக்கூடத் தொறக்கல. அடுத்தவங்க பொருளு, நாம தொடலாமா?" என்றார். முகத்தில் அத்தனை பெருமை.

கதவைத் திறந்தேன்...

நானும் அவரும் ஒரே நேரத்தில் இரண்டடி பின்னால் போனோம். உள்ளே சுவரெல்லாம் கறுப்புப் பூசணம். முட்டைத் தட்டுக்குப் பின்னால் நான் எடுக்க மறந்த ஓர் எலுமிச்சம்பழம். அதாவது, ஒரு காலத்தில் எலுமிச்சம்பழமாக இருந்த ஏதோ ஒன்று.

பாவம், அவரை என்ன சொல்ல முடியும்? காபி போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

நான் எங்கே போயிருந்தேன் என்பது இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும். ரிடையர் ஆனதும் செய்தே தீருவது என்று வைத்திருந்த நடை. கள்ளக்குறிச்சியில் என் வீட்டு வாசலில் கிளம்பி, கல்வராயன் மலை ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, சேர்வராயன், கொல்லிமலை என்று ஒவ்வொன்றாகத் தொட்டு, கன்னியாகுமரி வரைக்கும். துணைக்கு என் வயதுத் தோழிகள் இரண்டு பேர். திரும்பி வந்தது ரயிலில். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை!

வந்த நாளிலிருந்து எல்லோரும் ஒரே கேள்விதான். "பையில என்னென்ன எடுத்துட்டுப் போனீங்க?"

எதையெல்லாம் விட்டுவிட்டுப் போனீர்கள், யாரிடம் விட்டீர்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எனக்கோ மலை ஏறியதைவிட அதுதான் பெரிய ஏற்றமாக இருந்தது.

வீட்டைப் பூட்டிவிட்டுப் போக வேண்டியதுதானே என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நான் இருப்பது மாடி போர்ஷன். கீழே ஹவுஸ் ஓனர் கோமதியம்மா. நான் நடக்கப் போகும் செய்தி கேட்டதும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் மெதுவாக ஆரம்பித்தார்.

"வூடு சும்மாதானே கெடக்கப் போவுது? எங்க பொண்ணு பிரசவத்துக்கு வருது. கீழ எடம் பத்தல. மேல இருந்துக்கட்டுமா? நீங்க வர்ற வரைக்கும்தான்..."

பிள்ளைத்தாய்ச்சிக்கு இடம் இல்லை என்று யாரால் சொல்ல முடியும்? சரி என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, வீட்டைக் காலி செய்தாக வேண்டும்.

பெங்களூரில் இருக்கும் என் மகன் போனில் தீர்ப்புச் சொன்னான். "எல்லாத்தையும் ஆன்லைன்ல வித்துடும்மா. வந்து புதுசா வாங்கிக்கலாம்."

வித்துவிடலாம்... ஃபிரிட்ஜை விற்கலாம். கட்டிலை விற்கலாம். தையல் மிஷினை?

அது காலால் மிதிக்கிற பழைய மிஷின். நான் தையல்காரி இல்லை. என் ஜாக்கெட்டுகளை நானே தைத்துக்கொள்வேன், அக்கம்பக்கத்தில் கேட்டால் பள்ளிக்கூட யூனிஃபார்ம் கிழிசலை அடித்துக் கொடுப்பேன், அவ்வளவுதான். ஆனால் என் கணவர் தவறிப்போன புதிதில் அந்த வீட்டில் கேட்ட ஒரே சத்தம் அதனுடையது. தைக்கத் துணி இல்லாத நாளில்கூட வெறுமனே உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருப்பேன். அந்தச் சத்தம் இல்லையென்றால் நான் அந்த வருஷத்தைத் தாண்டியிருக்க மாட்டேன். அதை விற்க எனக்கு மனசு இல்லை. யாரிடமாவது கொடுத்து அது திரும்பி வராமல் போய்விடுமோ என்று பயம் வேறு.

ஃபிரிட்ஜ் சங்கரலிங்கம் சார் வீட்டுக்குப் போயிற்று. புத்தகங்கள் அட்டைப்பெட்டிகளில் ஏறி, சின்னசேலத்தில் ஒரு தோழி வீட்டுப் பரணுக்குப் போயின. கட்டிலை மட்டும் பிரசவத்துக்கு வரும் பெண்ணுக்காக விட்டு வைத்தேன். மிஷின் மட்டும் கூடத்தின் நடுவே தனியாக நின்றது.

அன்று மூட்டை கட்ட உதவிக்கு வந்திருந்தாள் அஞ்சலை. பிறந்தது நைனார்பாளையம், வாழ்க்கைப்பட்டது எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் காலனியில். களையெடுப்பு, நடவு, கரும்பு வெட்டு என்று கிடைக்கிற கூலி வேலைக்குப் போகிறவள். பிள்ளைகளின் யூனிஃபார்மை என்னிடம் தைக்கக் கொண்டுவருவாள். தைத்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று மிஷினைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"அக்கா, இந்த மிஷினு யார் வூட்டுக்குப் போவுது?"

"தெரியலை. பையன் வித்துடச் சொல்றான்."

"விக்காதீங்க. எனக்கு வாரத்துக்கு வுடுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாரம் என்றால் ஞாயிறு, திங்கள் அல்ல. எங்கள் பக்கத்தில் ஆட்டை வாரத்துக்கு விடுவது சகஜம். ஆடு வைத்திருப்பவரால் மேய்க்க முடியவில்லையா? இன்னொருவரிடம் விடுவார். மேய்ப்பது, தண்ணி காட்டுவது, சீக்கு வந்தால் பார்ப்பது எல்லாம் வளர்ப்பவர் பாடு. கூலி கிடையாது. அதற்குப் பதிலாக முதல் ஈத்துக் குட்டி வளர்ப்பவருக்கு, அடுத்த ஈத்து சொந்தக்காரருக்கு. ஊருக்கு ஊர் பங்கு கொஞ்சம் மாறும். ஆனால் தாயாடு என்றைக்கும் சொந்தக்காரருடையதுதான்.

"மிஷின் குட்டி போடுமா அஞ்சலை?"

"போட வெச்சா போடும்" என்றாள், சிரிக்காமல்.

"வாரம் எல்லாம் எதுக்கு? சும்மாவே வெச்சுக்கோ. நான் வந்ததும் குடு."

"சும்மா வாணாங்க்கா. சும்மா வெச்சினு இருந்தா அது உங்க பொருளு. தொடவே கை நடுங்கும். வாரம்னா எனக்கும் பங்கு கீது. தைரியமா மிதிப்பேன்."

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னாள். போன சீசனில் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்புக் கட்டு தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. இனிமேல் கட்டு தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "இந்த வருசம் வெட்டுக்குப் போவ முடியாது. குந்திக்கினு செய்ற வேலை எதுனா கத்துக்கினாத்தான் ஆச்சி."

இத்தனைக்கும் அவளுக்குத் தைக்கத் தெரியாது! கிளம்புவதற்கு முன் கிடைத்த சாயங்காலங்களில் நூல் கோக்கவும், நேராக ஓட்டவும், அளவு ஜாக்கெட்டை வைத்து வெட்டவும் காட்டிக் கொடுத்தேன். வெட்டுவதை மட்டும் முழுசாகக் காட்ட நேரம் போதவில்லை. காலனிக்கு அவள் கணவரும் மச்சானும் மிஷினைத் தூக்கிக்கொண்டு போனபோது நான் வாசலிலேயே நின்றேன்.

"திரும்பி வந்தா பாருங்க" என்றார் கோமதியம்மா, என் காதில் மட்டும் விழுகிற மாதிரி.

நடை ஆரம்பித்தது. கச்சிராயப்பாளையம், கோமுகி அணை, அப்புறம் ஏற்றம். வீட்டையே ஊருக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பியவள் முதுகில் எவ்வளவு சுமை தெரியுமா? மகன் வாங்கி அனுப்பிய மடக்கு நாற்காலி உட்பட! வெள்ளிமலைக்குப் போய்ச் சேர்வதற்குள் தோள்பட்டை இரண்டும் என்னைத் திட்டிக்கொண்டே வந்தன. அங்கே ஒரு டீக்கடையில் அந்த நாற்காலியை இறக்கினேன்.

"வெச்சுக்கோங்கண்ணே. யாராவது உக்காரட்டும்."

கடைக்காரர் அதைப் பிரித்து, மடக்கி, மறுபடி பிரித்துப் பார்த்தார். நாங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒருவர் அதில் அமர்ந்து பேப்பர் படிக்க ஆரம்பித்திருந்தார். இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார்களோ? அடிக்கடி யோசிக்கிறேன்.

வெள்ளிமலையைத் தாண்டி ஒரு வளைவில் டவர் கிடைத்தது. கிடைத்ததும் போன் அலறியது. அஞ்சலை.

"அக்கா, ஜாக்கெட்டுல ரெண்டு கையும் ஒரே பக்கத்துக்குப் பொறந்துச்சி!"

"துணிய மடிச்சுப் போட்டு வெட்டினியா, தனித்தனியா வெட்டினியா?"

"தனித்தனியாத்தான்..."

"ரெண்டாவதைத் திருப்பிப் போட்டு வெட்டணும்டி. யாரோட ஜாக்கெட்?"

"நல்ல காலம், என்னுதுதான்."

என் தோழிகள் பாறையில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் போனை வைக்கும் முன் பின்னணியில் மிஷின் சத்தம் கேட்டது. வேறு யாரோ மிதிக்கிறார்கள். யார்? பிள்ளைகள் விளையாடுகிறார்களா? பெல்ட் அறுந்துவிடாதா? கேட்பதற்குள் டவர் போய்விட்டது. அன்றைக்கு மீதி வழியெல்லாம் நான் மலையைப் பார்க்கவில்லை. என் மிஷினைத்தான் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

சேர்வராயனுக்கு அப்புறம் அவளிடமிருந்து போன் வருவதும் குறைந்துவிட்டது. நல்ல அடையாளமா, கெட்ட அடையாளமா?

திரும்பி வந்தபோது என் கட்டிலில் ஒரு கைக்குழந்தை கால் உதைத்துக்கொண்டிருந்தது. கோமதியம்மாவின் பேத்தி! தாயும் பிள்ளையும் கீழே இறங்கச் சில நாட்கள் ஆயின. அதன் பிறகு, ஞாயிற்றுக்கிழமை எல்லாப் பொருளும் வந்து சேரட்டும் என்று ஆளாளுக்குச் சொல்லிவிட்டேன்.

ஃபிரிட்ஜ் வந்த கதையைச் சொல்லிவிட்டேன். அடுத்து புத்தகங்கள். சின்னசேலம் தோழி பெட்டியில் ஒட்டிய டேப்பைக்கூடப் பிரிக்கவில்லை. "நீ வெச்ச மாதிரியே இருக்குடி" என்றாள். உண்மைதான். வெளியே அப்படியே இருந்தது. உள்ளே கரையான் மட்டும் அட்டை முதல் அட்டை வரை படித்து முடித்திருந்தது.

மத்தியானம் ஆயிற்று. மிஷின் வரவில்லை.

மூன்று மணி. வரவில்லை. அஞ்சலைக்குப் போன் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப்.

"நான்தான் சொன்னனே" என்று கோமதியம்மா படிக்கட்டிலிருந்து குரல் கொடுத்தார். கையில் மலை மண் அப்பியிருந்த என் ஷூ. "இந்தக் கர்மத்தப் பழைய பேப்பர்காரன்கிட்டப் போட்டுடட்டுமா?"

"போடுங்க" என்றேன் எரிச்சலில். செருப்பை மாட்டிக்கொண்டு காலனிக்கு நடந்தேன்.

அவள் வீடு இருக்கும் சந்தில் திரும்பும்போதே கேட்டது. கட கட கட... தையல் மிஷின் ஓடுகிற சத்தம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. திருப்பித் தர வேண்டிய நாளில்கூட ஓட்டிக்கொண்டிருக்கிறாள்! குடுக்கிற எண்ணமே இல்லையா?

உள்ளே போனேன்.

என் மிஷின் ஓடவில்லை. வாசற்படி ஓரமாக, எண்ணெய் போட்டுத் துடைத்து, துண்டுத் துணிகளை ஒட்டித் தைத்த புது உறை மாட்டி, மேலே குங்குமம் வைத்து, போகத் தயாராக நின்றது. அதற்குப் பின்னால் இன்னொரு மிஷின். அதை மிதித்துக்கொண்டிருந்தாள் அஞ்சலை.

"வாங்கக்கா! காலையிலேர்ந்து வண்டிக்காரனுக்குக் காத்துக்கினு கீறேன். வர்றேன் வர்றேன்னு ஏச்சிட்டான். போன்ல சார்ஜும் பூட்ச்சி."

"இது ஏது?"

"சங்கராபுரத்துல ஒரு டைலரு கரண்டு மிஷினு வாங்கிட்டாரு. அவரு வெச்சினு இருந்த பழசு இது. தைச்ச காசுல வாங்கினேன்." தான் மிதித்துக்கொண்டிருந்த மிஷினின் சக்கரத்தைத் தடவினாள். "குட்டிக்கா. மொத ஈத்து எனக்கு. பேசினபடிதானே?"

அங்கே கிடந்த கட்டிலில் உட்கார்ந்தேன். சந்தேகப்பட்டேன் என்று சொல்லிவிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. அவள் அலட்டிக்கொள்ளவில்லை.

"நான் மட்டும் இன்னா, ஒழுங்கா? நீங்க மலையில காணாமப் பூட்டா இன்னா பண்றதுன்னு ஒரு நாளு நெனச்சேன். அழுகையா வந்துச்சி. அப்பால மிஷினப் பாத்தேன்... லேசா சிரிப்பும் வந்துச்சி."

இருவரும் சிரித்தோம். அன்றைக்குப் போனில் கேட்டது அவளுடைய நாத்தனார் மிதித்த சத்தமாம். இப்போது அந்தப் பெண்ணும் தைக்கிறாள்.

யோசித்துப் பார்க்கிறேன். பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நான் கொடுத்ததெல்லாம் பாழாய்ப் போய் வந்தது. தொடாமல், திறக்காமல், நல்ல மனசோடு பாழாக்கினார்கள். தினமும் மிதிபட்டது மட்டும் போனதைவிட நன்றாக வந்திருக்கிறது. நீண்ட நடைக்குக் கிளம்பப் போகிறீர்களா? பொருளைப் பாதுகாக்கிறவரைத் தேடாதீர்கள். அது யாருக்குத் தேவையோ அவரைத் தேடுங்கள். முக்கியமாக, "சும்மா வெச்சுக்கோங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

வண்டி கடைசியில் வந்தது. தாயாட்டை ஏற்றினோம்.

"அப்போ ரெண்டாவது ஈத்து எனக்குத்தானே?" என்றேன், விளையாட்டாக.

"ஆமாக்கா. ஆனா தாய இட்டுக்கினு போறீங்களே, குட்டி எப்படிப் போடும்? மறுபடியும் எப்ப நடக்கப் போறீங்கன்னு சொல்லுங்க" என்றாள். விளையாட்டே இல்லாமல்.

வீட்டுக்கு ஓடி வந்து, பழைய பேப்பர் மூட்டையிலிருந்து முதல் காரியமாக என் ஷூவை வெளியே எடுத்தேன்!