பிடியரிசிச் சாக்கு

எங்கள் பிரஸ்பிட்டேரியன் சபையில் காணிக்கைத் தட்டைவிடக் கனமானது ஒரு சாக்கு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஒருத்தி அதன் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்க வேண்டும். பெண்கள் வரிசையாக வந்து பையில் கொண்டுவந்த அரிசியை அதில் போடுவார்கள். தினமும் உலை வைக்கும்போது, அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனியே போட்டுவைத்துச் சேர்த்த அரிசி அது. பகலுக்கு ரொட்டி, இரவுக்கு மட்டும் சோறு என்று இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் அந்த ஒரு பிடி சின்ன விஷயம் இல்லை. தொண்ணூறுகளின் கடைசியில் சாக்குப் பிடிக்கிற வேலை பெரும்பாலும் என் தலையில்தான் விழுந்தது. வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் நான் ஆயாவாக இருந்தேன். பகலெல்லாம் அடுத்தவர் பிள்ளைகளைப் பிடித்து வைத்திருப்பவளுக்கு ஒரு சாக்கு எம்மாத்திரம் என்று நினைத்தார்களோ என்னவோ.

அரிசி யாருக்குப் போக வேண்டும் என்பதைப் பெண்கள் ஐக்கியம் முடிவு செய்யும். நோயாளி உள்ள வீடு, வேலைக்குப் போக முடியாத வீடு என்று பார்ப்போமே தவிர, வேதக்கார வீடா சாமி கும்பிடுகிற வீடா என்று பார்ப்பதில்லை. கீழே கிராமத்துச் சிங்கள வீடுகளுக்கும் போயிருக்கிறது. ஒரே ஒரு தொந்தரவு, சிவப்புப் பச்சரிசி, நாட்டரிசி, சம்பா எல்லாம் ஒன்றாய்க் கலந்து கிடக்கும். ஒன்று வேகும்போது இன்னொன்று குழைந்துவிடும். லயத்து வரிசை வீடுகளில் யார் வீட்டுச் சோற்றுப் பானையை எட்டிப்பார்த்தாலும் அது சபைக் கோயில் அரிசியா, கடை அரிசியா என்று சொல்லிவிடலாம்.

மேல் லயத்தில் ரப்பர் பால் வெட்டுகிற ஒருத்தி இருந்தாள். நிவித்திகலப் பக்கம் மாணிக்கக் குழியில் வேலை செய்த அவள் புருஷன் மேல் மண் சரிந்து, உயிர் தப்பியதே பெரிய காரியமாகிவிட்டது. இடுப்பு உடைந்து படுத்த படுக்கையானார். மழை நாளில் பால் வெட்ட முடியாது, எங்கள் பக்கமோ மழைக்குப் பேர்போனது. ஆகவே அந்த வீட்டுக்குப் பிடியரிசி கொடுப்பது என்று முடிவாயிற்று. அவளும் மறுக்காமல் வாங்கிக்கொண்டாள். வாங்கிய பிறகும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தன் பையோடு வந்து சாக்கில் அரிசி போட்டாள்.

ஐக்கியத்துச் செயலாளர் ஒரு டீச்சர். பஜாரில், ஆற்றை ஒட்டிய வீட்டிலிருந்து மேலே ஏறி வருவார். பொல்லாதவர் இல்லை. யாருக்காவது காய்ச்சல் என்றால் முதலில் போய் நிற்பவர் அவர்தான். ஆனால் மனதில் பட்டதை அந்த இடத்திலேயே சொல்லிவிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாக்குப் பக்கத்தில் நின்றவர், மேல் லயத்துக்காரி போட்ட அரிசியைப் பார்த்துவிட்டார். சிவப்பும் வெள்ளையும் கலந்த அரிசி. நாங்கள் கொடுத்ததிலிருந்தே அவள் பிடி எடுத்திருக்கிறாள்.

"என்னம்மா இது, உங்களுக்குக் குடுத்ததையே திருப்பிக் கொண்டாந்தா என்ன அர்த்தம்? நீங்க கொண்டார வேணாம். வீட்டுக்கே வச்சிக்கங்க" என்றார்.

அன்பாகத்தான் சொன்னார். குரலில்கூட ஒரு கடுமை இல்லை. ஆனால் பின்னால் வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. அவள் வெறும் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "சரிங்க டீச்சர்" என்று இறங்கிப் போனாள். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. போதகர் வந்து இராப்போசனம் கொடுத்த நாளில்கூட அவள் இடம் காலியாகக் கிடந்தது. அரிசியை மட்டும் ஆள் மாற்றி ஆள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தோம்.

எனக்குப் பொறுக்கவில்லை. என் புத்தி அப்படி, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வராது. மேலே ஏறிப் போய், "என்னா, எங்க மேல கோவமா? ஆண்டவர் மேலயா?" என்று கேட்டேன்.

"யாரு மேலயும் கோவம் இல்லக்கா. எல்லாரும் போடுறப்ப நான் மட்டும் கைய வீசிக்கிட்டு எப்பிடி வெளிய வாறது? வாங்குறவன்னு எல்லாருக்கும் தெரியும், அது பரவால்ல. வாங்க மட்டுந்தான் லாயக்குன்னு ஆயிட்டா நான் அங்க யாரு?"

அடுப்பு மேடையில் ஒரு பால்மா டின் இருந்தது. பேசிக்கொண்டே உலைக்கு அரிசி அளந்தவள், அதிலிருந்து ஒரு பிடி எடுத்து அந்த டின்னில் போட்டாள். டின் முக்கால்வாசி நிறைந்திருந்தது. நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு, "கை கேக்க மாட்டேங்குதுக்கா" என்றாள்.

எனக்கு அழுகை வந்தது. டீச்சர் மேல் கோபமும் வந்தது. அன்று மாலையே அவரிடம் போய்ச் சொன்னேன். "கஷ்டப்படுற குடும்பத்துக்கிட்ட வாங்குறது பாவம் இல்லையாக்கா?" என்று அவர் கேட்டார். அவர் நிஜமாகவே அப்படித்தான் நம்பினார். நான் முணுமுணுத்துக்கொண்டு திரும்பினேன்.

பிறகு அந்தப் பெரிய மழை வந்தது. நாள்கணக்கில் விடாமல் கொட்டியது. ஆறு பஜாருக்குள் ஏறி, கடைகளையும் டீச்சர் வீட்டையும் கூரை மட்டும் தெரிகிற அளவுக்கு மூழ்கடித்தது. டீச்சர் குடும்பம் உடுத்திய துணியோடு, பன்சலை என்கிற புத்த விகாரை இருந்த மேட்டில் ஏறித் தப்பியது. அங்கே விகாரை மடத்தில் சிங்களக் குடும்பங்களோடு தங்கியிருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் ஏதாவது அனுப்ப வேண்டும் என்று எங்கள் சபைக் கோயிலில் கூடினோம். கடையெல்லாம் தண்ணீருக்குள். தோட்டத்தில் யார் வீட்டிலும் இரண்டு நாளைக்கு மேல் அரிசி இல்லை. வழித்துத் துடைத்துக் கொண்டுவந்தது சாக்கின் அடியைக்கூட மறைக்கவில்லை.

அப்போது மேல் லயத்துக்காரி உரப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, நனைந்தபடி வாசலில் வந்து நின்றாள். கையில் அந்த டின். உள்ளே வரவில்லை.

"கோயிலுக்குன்னு எடுத்தது. வீட்டுல இருந்தா சரியில்ல" என்றாள். பிறகு, "யாருக்குப் போகுது?" என்று கேட்டாள்.

"பன்சலைக்கு. டீச்சர் வீட்டாளுகளும் அங்கதான்."

அவள் என்ன செய்வாள் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். டின்னைக் கவிழ்த்து, அடியைத் தட்டி, ஒரு மணி மிச்சமில்லாமல் சாக்கில் கொட்டிவிட்டு மழையில் திரும்பிப் போனாள். பொய் சொல்வானேன், அவள் இடத்தில் நானாக இருந்தால் இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் கொட்டியிருப்பேன்.

தண்ணீர் வடிந்ததும் டீச்சர் குடும்பம் சேறு நிறைந்த வீட்டுக்குத் திரும்பியது. பள்ளிக்கூடமும் திறக்கவில்லை, கடையும் திறக்கவில்லை. அன்று சேர்ந்த சாக்கிலிருந்து அவர்கள் பங்குக்கென்று ஒதுக்கிய ஒரு பை பிடியரிசியை ஐக்கியம் என்னிடம் கொடுத்தனுப்பியது. பையைப் பிரித்துப் பார்த்த டீச்சர், அந்தக் கலப்பரிசியைக் கையில் அள்ளியபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். இதில் பாதிக்கு மேல் யார் வீட்டு அரிசி என்று நான் சொன்னேன். அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

சனிக்கிழமை மேல் லயத்துக்குப் போய், "எனக்குத் தோள் வலி, நாளைக்குச் சாக்குப் புடிக்க ஆள் இல்ல. நீ வரணும்" என்றேன். தோளில் ஒரு வலியும் இல்லை. அவளுக்கும் அது தெரியும். மறுநாள் வந்தாள்.

ஆராதனை முடிந்தது. அவள் சாக்கின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். வரிசையின் கடைசியில், யாரோ கொடுத்த சேலையில், டீச்சர் வந்தார். கையில் கைக்குட்டையில் முடிந்த ஒரு சின்ன முடிச்சு. சாக்குக்கு முன்னால் வந்ததும் அவருக்குக் கை எழவில்லை.

"நீங்க எல்லாரும் குடுத்ததுல எடுத்ததுதாம்மா" என்றார். "நான் போடலாமா?"

"அதுக்குத்தானே புடிச்சிக்கிட்டு நிக்கிறேன். போடுங்க டீச்சர்" என்று அவள் சாக்கின் வாயை இன்னும் கொஞ்சம் விரித்தாள்.