சீரில் வைத்த தோசைக்கல்

எங்கள் பக்கத்துக் கல்யாணப் பாத்திரங்கள் அடுப்பையே பார்க்காதவை. பெண்ணோடு மாமியார் வீட்டுக்குப் போகும், போன கையோடு பரணில் ஏறும். அந்தப் பெண்ணுக்கு ஒரு பெண் பிறந்து, அவளுக்குக் கல்யாணம் என்று வரும்போதுதான் கீழே இறங்கும். புளி போட்டுத் தேய்த்தால் மறுபடியும் புதுசு. இன்னொரு வீட்டுப் பரணுக்குக் கிளம்பிவிடும். நடுவில் அந்த வீட்டுப் பெண்கள் நசுங்கிய அலுமினியத்தில் சமைத்துக்கொண்டிருப்பார்கள். இது தப்பு என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நான் சொன்னேன். அதனால் எனக்கு வாய்க்காரி என்று பெயர். இருக்கட்டும், வாய் இருப்பதால்தான் இந்தக் கதையாவது மிச்சம்.

நான் பள்ளிப்பட்டிலிருந்து திருத்தணிக்கு வாழ வந்தவள். மாமியார் வீட்டில் அப்போது கைத்தறி. தறியில் ஒரு கட்டை லேசாக ஆடினால் போதும், அன்றைக்கே ஆசாரி வந்து உட்கார்ந்துவிடுவார். அதே வீட்டுச் சமையலறையில் சாம்பார் குண்டானுக்கு அடி உப்பிப்போய், அடுப்பில் ஆடிக்கொண்டேதான் கொதிக்கும். அதைக் கேட்க ஆளில்லை. பிடி கிடையாது, விளிம்பைத் துணியால் பிடித்து இறக்க வேண்டும். ஒரு நாள் துணி வழுக்கிச் சாம்பார் மொத்தமும் என் காலில் கொட்டியது.

நான் கால் வெந்து படுத்திருந்தபோது வீட்டுக்காரர் அந்தக் குண்டானைக் கடைத்தெருவுக்கு எடுத்துப்போய், ஒடுக்கு எடுத்து, மறுபடியும் அதே அடுப்பில் கொண்டுவந்து வைத்தார். நல்ல மனுஷன்தான். குண்டானைச் சரிசெய்தால் விஷயம் தீர்ந்தது என்று உண்மையாகவே நம்பினார். பரணில் என் அம்மா கொடுத்த கனமான பாத்திரங்கள் சும்மாதானே இருக்கின்றன, ஒன்றை இறக்கித் தாருங்கள் என்று கேட்டேன். நாளைக்கு உனக்குப் பெண் பிறந்தால் சீருக்கு எங்கே போவாய் என்றார் மாமியார். பிறக்காத பெண்ணுக்காக நான் வேக வேண்டுமா என்று திருப்பிக் கேட்டேன். வீட்டில் இரண்டு நாள் யாரும் என்னோடு பேசவில்லை. எனக்கு அது ஓய்வாக இருந்தது.

கால் ஆறியதும் நேராகக் கடைத்தெருவுக்குப் போனேன். குண்டான் வாங்கத்தான் போனேன். ஆனால் கடையில் ஒரு இரும்புத் தோசைக்கல்லைக் கையில் எடுத்தவள் கீழே வைக்கவில்லை. அன்றைக்குச் சனிக்கிழமை. சனிக்கிழமையில் யாராவது இரும்பு வாங்குவார்களா என்று மாமியார் வாசலிலேயே நிறுத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காது, திங்கட்கிழமை எனக்குத் தைரியம் இருக்காது என்றேன். கல் அன்று ராத்திரி வாசலில் கிடந்தது. மறுநாள் நானே தூக்கி உள்ளே வைத்தேன். சனி பகவான் எங்களை ஒன்றும் செய்யவில்லை. அவருக்கு வேறு வேலை இருந்திருக்கும்.

கல் வாங்குவது எப்படி என்று இப்போது செல்போனில் ஆளாளுக்குப் பாடம் எடுக்கிறார்கள். பளிச்சென்ற சமையலறையில் நின்றுகொண்டு எண்ணெயே வேண்டாம், ஒட்டவே ஒட்டாது என்கிறார்கள். ஒட்டாதுதான், ஒரு வருஷத்துக்கு. அப்புறம் அந்தக் கருப்புப் பூச்சு உரிந்து எங்கே போகிறது என்று கேட்டால் பதில் இல்லை. வயிற்றுக்குள் போகிறது, வேறெங்கே போகும்? நான் சொல்வது இவ்வளவுதான். கல்லைக் கடையின் தரையில் வைத்து ஓரத்தை விரலால் அழுத்துங்கள். ஆடினால் வேண்டாம். கையில் எடுத்தால் மணிக்கட்டுக்கு இது கனம் என்று தெரிய வேண்டும், ஆனால் தூக்க முடிய வேண்டும். பிடியைத் திருகிப் பாருங்கள். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும். ஒரு புடவை எடுக்க மடித்து மடித்து விரிக்கச் சொல்கிறோம், தினமும் நெருப்பில் ஏறப்போகும் சாமானை மட்டும் கட்டின பேப்பரோடு வாங்கிக்கொண்டு வருகிறோம்.

புதுக்கல்லைப் பழக்க வேண்டும். தறியில் ஏற்றும் பாவு நூலுக்குப் போடுவதற்காக வீட்டில் அரிசிக் கஞ்சி காய்ச்சியிருந்தார்கள். அதில் ஒரு செம்பு எடுத்துக் கல்லில் ஊற்றி ஊறவிட்டேன். தறிக்கஞ்சியைத் தோசைக்கல்லுக்கு ஊற்றுகிறாளே என்று பெரிய சண்டை. நூலுக்குக் கஞ்சி வேண்டும் என்றால் கல்லுக்கும் வேண்டும் என்றேன். கழுவி, எண்ணெய் தடவி, வெங்காயத்தால் தேய்த்து, முதலில் வந்த நான்கைந்து பிய்ந்த தோசைகளை நானே தின்றேன். ஒரு மாதத்தில் தோசை தானாகக் கழன்று வந்தது. சண்டை போட்டவர்கள் எல்லாரும் இன்னொன்று, இன்னொன்று என்று தட்டை நீட்டினார்கள். மாமியார் மட்டும் வாய்விட்டுக் கேட்க மாட்டார், தட்டை லேசாக நகர்த்துவார்.

எனக்குப் பெண் பிறந்தாள். அவள் என்னைப் போல ஆடுகிற குண்டானோடு மல்லுக்கட்டக் கூடாது என்பது மட்டும்தான் என் பிடிவாதம். கல்யாணம் நிச்சயமானதும் இன்னொரு கல் வாங்கினேன். முகூர்த்தம் வரும்வரை தினமும் அதிலேயே சுட்டுப் பழக்கினேன். கண்ணாடி மாதிரி கருப்பாக வந்தது.

கல்யாணம் போன வருஷம். தாலி மலைமேல் கோயிலில், சாப்பாடு கீழே மண்டபத்தில். பரணிலிருந்து இறங்கிய பாத்திரங்களை மண்டபத்தில் வரிசையாக அடுக்கியிருந்தோம். நடுவில் அந்தக் கருப்புக் கல்லை நானே வைத்தேன். சீரில் இரும்பு வைக்கும் வழக்கம் இல்லை, அதுவும் அடுப்பில் ஏறிய இரும்பு. மாப்பிள்ளையின் அம்மா கனகம்மாசத்திரத்துக்காரர். எங்கள் பக்கத்தில் சம்பந்திப் பெண்கள் ஒருவரையொருவர் வதினா என்று கூப்பிடுவோம். அந்த வதினா வந்து பார்த்தார், முகம் மாறிவிட்டது.

“இன்னாங்க வதினா இது? சீர்ல போயி இரும்ப வெச்சிகினு. அதுவும் பழசா கீது.”

வீட்டுக்காரர் என் புடவையைப் பிடித்து இழுத்தார். நாத்தனார் கல்லை எடுக்கக் கையை நீட்டினார். நான் அந்தக் கையைத் தள்ளினேன்.

“மத்த எல்லாத்தியும் வேணும்னா நான் திருப்பி எடுத்துகினு போறேங்க வதினா. இது மட்டும் என் பொண்ணு கூட வரும்.”

வதினா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, துணியில் சுற்றி ஓரமாக வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் பெண் மண்டப மேடையிலிருந்து என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள், ஆனால் சிரித்தாள்.

மகளும் மாப்பிள்ளையும் வேலைக்காக அம்பத்தூரில் வீடு எடுத்துப் போனார்கள். சீர்ப் பாத்திரங்கள் கனகம்மாசத்திரத்துப் பரணில் ஏறின. அது தெரிந்த கதை. கல் மகளிடம் இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு நாள் போனில், தோசை தவாவில் ஒட்டுகிறது என்று புலம்பினாள். தவாவா, கல் எங்கே என்றேன். அது அத்தை வீட்டிலேயே இருக்கிறது, இரண்டு தடவை கேட்டும் அத்தை பேச்சை மாற்றிவிட்டார் என்றாள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. இரும்பு ஆகாது என்று எங்கேயோ தூக்கிப் போட்டிருப்பார்கள் என்று முடிவு கட்டினேன். மறுநாளே பஸ் ஏறினேன். வழியெல்லாம் கேட்க வேண்டியதை மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். சொல்லாமல் கொள்ளாமல் நேராகச் சமையலறைக்குள் நுழைந்தேன். என் கல் அவர்கள் அடுப்பின் மேல் இருந்தது. அதில் ஒரு தோசை வெந்துகொண்டிருந்தது. ஓரமெல்லாம் சிவந்து, நன்றாகவே வந்திருந்தது.

வதினா அடுப்பை அணைத்தார்.

“தூக்கி வெளிய வெக்கத்தாங்க பிரிச்சேன். சரி, ஒண்ணு ஊத்திப் பாக்கலாம்னு ஊத்தினேன். அப்புறம் குடுக்க மனசே வரல. நான் இந்த வீட்டுக்கு வந்து, சமைக்கிறதுக்குன்னு யாரும் எனக்கு ஒரு கரண்டிகூட பாத்து வாங்கினது இல்லீங்க.”

அந்த அடுப்பின் பக்கத்தில் ஒரு அலுமினியக் குண்டான் இருந்தது. அடி உப்பியிருந்தது. சரி, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அப்போது நான் சொல்லியிருந்தால் இரண்டு வீட்டிலும் என்னை மெச்சியிருப்பார்கள். நான் சொல்லவில்லை. விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்துத்தான் நாங்கள் எல்லாரும் அந்த உப்பிய குண்டானிடம் வந்து சேர்ந்தோம். என் பெண்ணின் பங்கிலிருந்து எடுத்து இன்னொரு பெண்ணுக்குக் கொடுப்பதும் அதே கணக்குதான்.

“இது என் பொண்ணுதுங்க. உங்குளுக்குன்னு ஒண்ணு நீங்களே எடுக்கணும். புடவைய மாத்துங்க, போலாம்.”

கல் ஆறியதும் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். இருவரும் திருத்தணிக்குப் பஸ் ஏறினோம். கல்லை எப்படிப் பார்த்து வாங்குவது என்று வழியெல்லாம் அவருக்குப் பாடம் எடுத்தேன். கடையில் பையன்கள் பளபளக்கிற தவாக்களை அவர் முன்னால் பரப்பினார்கள். எதைக் கொடுத்தாலும் நன்றாக இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினார். பிறகு பையிலிருந்து செல்போனை எடுத்தார். யாருக்கு என்று கேட்டேன். அவரை ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன் என்றார்.

“அவரா தோச சுடறாரு?”

வதினா போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். போனைப் பைக்குள் போட்டுவிட்டு, புடவையைச் செருகிக்கொண்டு கடைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். இரும்புக் கற்களை எல்லாம் இறக்கச் சொன்னார். ஒவ்வொன்றாக வைத்து அழுத்தினார், தூக்கினார், பிடியைத் திருகினார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அது லேசான காரியம் இல்லை. கடைசியில் என் கல்லைவிடக் கனமாக ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இன்றைக்குச் சனிக்கிழமை, நாளை மறுநாள் வந்து எடுத்துக்கொள்கிறீர்களா என்று கடைக்காரர் தயங்கிக் கேட்டார்.

“ஆங், தெரியும். கட்டுங்க” என்றார் வதினா.

பஸ் நிலையம்வரை அவருக்கு மூச்சு வாங்கியது. கனமாக இருக்கிறது, பையை இப்படிக் கொடுங்கள், நான் தூக்கிவருகிறேன் என்று கை நீட்டினேன். அவர் பையை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டார்.

“வேணாங்க வதினா. இது என்னுது.”