எனக்கு ஜாமீன் நின்ற நாய்

கடித்த நாய் உயிரோடு இருக்கும்வரை கடிபட்டவனுக்கு ஒன்றும் ஆகாது என்று ஐம்பது வயது தாண்டியும் நம்பிக்கொண்டிருந்தவன் நான். போன வருடம் மழைக்காலத்தில், ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் சாலையில் பால் வாங்கப் போன என் கெண்டைக்காலை ஒரு செவலைத் தெருநாய் கவ்வியது.

சோப்புப் போட்டுக் கழுவி, முதல் இரண்டு ஊசிகளை ஒழுங்காகப் போட்டுக்கொண்டேன். நான் மாத்திரை வாங்கும் மெடிக்கல் ஷாப்பில் மருந்தாளர் அம்மா மருந்தை எடுத்துத் தருவார். பக்கத்து கிளினிக்கில் போடுவார்கள். மூன்றாவதற்குப் போகவில்லை. ஊசி என்றால் பயம் என்று சொல்ல மீசை இடம் தரவில்லை. அதனால் நாயைக் காரணம் காட்டினேன்.

தினமும் பிஸ்கட்டோடு போய் அதைப் பார்த்து வந்தேன். நனையாமல் இருக்கக் கடை ஓரமாகச் சாக்குகூட விரித்தேன். என் உயிருக்கு ஜாமீன் அல்லவா!

"என்னைக்கூட இப்படிப் பாத்துக்கிட்டதில்ல நீங்க" என்றாள் மனைவி.

மருந்தாளர் போன் செய்தார். "சார், மூணாவது ஊசிக்கு ஏன் வரல?"

"நாய் ஜம்முனு இருக்கும்மா."

"நான் நாய்க்கு போன் பண்ணலையே. வாங்க."

போகவில்லை. அவர் கண்ணில் படாமல், பிரஷர் மாத்திரையைத் திருவானைக்காவலில் போய் வாங்கினேன். அவ்வளவு வீராப்பு.

ஒருநாள் காலை நாயைக் காணவில்லை. தெருத்தெருவாகத் தேடினேன்.

"செத்துகித்துப் போச்சோ என்னமோ" என்றார் டீக்கடைக்காரர்.

வெறிநாய்க்கடி நோய் வந்தால் தண்ணீரைக் கண்டு பயம் வருமாமே என்று காவிரிப் படித்துறைக்கு ஓடிப்போய் நின்று பார்த்தேன். வந்தது. எனக்கு நீச்சல் தெரியாது.

அப்போதும் வீராப்பை விடவில்லை. வழியில் கண்ட வேறொரு செவலை நாயைப் படம் எடுத்து மருந்தாளரிடம் நீட்டினேன். "இதாம்மா, நல்லாத்தான் இருக்கு."

"தெருநாய்க்குக் கழுத்துல பெல்ட்டா சார்?" என்றவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "வேற கடையில வாங்குங்க, எனக்குக் கோபமில்ல. ஆனா ஊசியை முடிங்க. அந்த நோய் வந்துட்டா காப்பாத்த எங்கிட்ட மருந்து இல்ல. யாருகிட்டயும் இல்ல."

ஃபிரிட்ஜிலிருந்து மருந்தை எடுத்துக்கொண்டு, நான் ஓடிவிடாதபடி கிளினிக் வரை கூடவே வந்தார்.

இன்றும் யாராவது 'நாய் நல்லாத்தானே இருக்கு' என்று ஆரம்பித்தால் சண்டைக்கே போகிறேன். என் உயிருக்கு எந்த நாயையும் பொறுப்பாக்க மாட்டேன். என்னைக் கடித்த அந்தச் செவலை என்ன ஆனதென்று கடைசிவரை தெரியவில்லை. கிளினிக் டாக்டர் சொன்ன ஊசிகளை நான் ஒன்று விடாமல் போட்டு முடித்தேன்.