மாக்கிறேற்றின் மூன்றாவது கேள்வி

கரம்பொன் ஊர் மாக்கிறேற் ஒருவரிடமும் கெஞ்சாத மனுசி. புருசன் விட்டுப்போன பிறகு, சந்தையில் மீன் விற்றே இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கினாள். ஆயுளில் ஒரே ஒருமுறைதான் கெஞ்சினாள். பாழாய்ப்போன அந்தக் கெஞ்சல் பலித்தும் விட்டது.

ஐந்து வருசத்துக்கு முந்தி மூத்தவன் டெனிஸ்ரன் வலையில் மீன் அள்ளப் போய், இடுப்பளவு தண்ணீரில் விழுந்து செத்தான். வயது இருபத்துநாலு. நீச்சலில் அவனை வெல்ல அந்தக் கரையில் ஆளில்லை. ஆனாலும் கடலில் செத்தவன் தண்ணீர் குடித்துத்தான் செத்திருப்பான் என்று சனம் முடிவுகட்டியது. திடீர் மரண விசாரணை அதிகாரி மட்டும் பிரேதப் பரிசோதனை வேண்டும் என்றார். மாக்கிறேற் அவர் காலில் விழுந்தாள்.

"ஐயா, என்ரை பிள்ளையை வெட்டாமல் தாங்கோ. முழு உடம்போடை மாதாவிட்டைப் போகட்டும்."

கிராம அலுவலரான விதானையாரும் அவளுக்காகப் பேசினார். அதிகாரி மனம் இளகி, நீரில் மூழ்கி மரணம் என்று எழுதிக் கொடுத்தார். பிள்ளையை முழுசாக மீட்டுவந்தாளே என்று ஊர் அவளை மெச்சியது. அவளுக்கும் அதில் ஓர் ஆறுதல் இருந்தது.

இந்த மாசியில் மகள் அனோஜினி பஸ்ஸுக்கு ஓடி, ஏறுமுன்னே மயங்கி விழுந்தாள். ஈ.சீ.ஜீ. பார்த்த டாக்குத்தர் நெற்றியைச் சுருக்கினார்.

"இது பரம்பரையா வாற இருதய வருத்தமா இருக்கலாம் அம்மா. வீட்டிலை சடுதியாச் செத்தவை ஆரும் இருக்கினமோ?"

"மூத்தவன்... கடலிலை தாண்டு செத்தவன்" என்றாள் மாக்கிறேற். இடுப்பளவு தண்ணீர் அப்போதுதான் அவள் நினைவில் ஏறியது.

இந்த வருத்தத்துக்கு எங்கே போவதென்று டாக்குத்தர் உட்பட உள்ளூரில் ஒருவருக்கும் தெரியவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி சுகாதார அமைச்சுக்கு எழுதிக் கேட்கலாம் என்று விதானையார் படிவம் கொடுத்தார். தாய் சொல்லச்சொல்ல மகள் எழுதினாள். இதற்கான விசேட வைத்தியர் எங்கே இருக்கிறார்? அவரிடம் எப்படிப் போவது? போகும்போது என்ன கொண்டுபோவது?

மூன்று கிழமையில் பதில் வந்தது. கிளினிக் கொழும்பில். டாக்குத்தரின் கடிதம் இருந்தால் போகலாம். மூன்றாவது பதிலை அனோஜினி உரக்க வாசித்தாள்: குடும்பத்தில் சடுதியாக இறந்தவரின் பிரேதப் பரிசோதனை அறிக்கை இருந்தால், என்ன நோயைத் தேடுவதென்று அறிய அது பெரிதும் உதவும்.

"அம்மா, அண்ணையின்ரை அறிக்கை எங்கை?"

"இல்லைப் பிள்ளை. நான்தான் வெட்ட விடேல்லை."

அனோஜினி கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தாள்.

"அழாதேங்கோ அம்மா. அண்ணையிலை தேடாததை இனி என்னிலை தேடட்டும்."