தர்பார் மண்டபத்துப் புற்று

சங்கரன்கோவில்காரனிடம் போய்ப் புற்றை இடி என்று சொல்லிப் பாருங்கள், அடிக்க வந்துவிடுவான். கோயில் புற்றுமண்ணை நெற்றியில் பூசி வளர்ந்த ஆட்கள் நாங்கள். முப்பது வருடமாக மரவேலை பார்க்கிறேன். கரையான் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் நானும் அப்படித்தான்.

மகள் கல்யாணத்தைப் பழைய ஜமீன் அரண்மனையில், தர்பார் மண்டபத்தில்தான் வைக்க வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் ஒரே பிடியாக நின்றார்கள். போட்டோவுக்கு அம்சமாக இருக்குமாம். இருக்கத்தான் செய்தது. ஆளுயரக் கண்ணாடிகள், மான் தலைகள், ராஜா உட்கார்ந்த நாற்காலி, அதற்கு மேலே குறுக்காக ஒரே தேக்கில் இழைத்த உத்தரம். கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் பார்க்கப் போனேன். நாற்காலிக்குப் பின்னால், மரத்தூணை ஒட்டி, இடுப்பளவு புற்று. மஞ்சள் தடவிப் பூ வைத்திருந்தார்கள்.

“இதை இடிக்கலையா அண்ணாச்சி?” என்று காவல்காரரிடம் கேட்டேன்.

“என்ன வே பேசுதீரு! அம்மன் தானா வந்து உக்காந்திருக்கா. கை வைக்க எவனுக்குத் தைரியம் இருக்கு?”

தூணைத் தட்டினேன். உள்ளே வெறும் கூடு. கரையான் மண்கோடு ஒன்று தூண் வழியே ஏறி உத்தரத்துக்குள் போயிருந்தது. அப்போதே சொல்லியிருக்க வேண்டாமா? பாழாய்ப்போன புத்தி, விடிந்தால் கல்யாணம், அபசகுனமாக வாயைத் திறக்காதே என்றது. ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் தாலி கட்டும்போது அட்சதையோடு சேர்ந்து மேலேயிருந்து பொடிமண்ணும் மகள் தலையில் உதிர்ந்தது.

“அம்மனே ஆசீர்வாதம் பண்ணுதா” என்று சம்பந்தியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் உத்தரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பெற்ற மகள் கழுத்தில் தாலி ஏறியதைப் பார்க்கவே இல்லை.

அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. போன வாரம் மகள் வந்திருந்தாள், ஏழு மாசம்.

“வளைகாப்பையும் அங்கனயே வச்சிருவோம்ப்பா. நமக்கு ராசியான எடம்லா.”

“வேண்டாம் தாயி. அந்த உத்தரம் பூரா கரையான். எப்ப வேணும்னாலும் இறங்கிரும்.”

“ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

“கல்யாணத்துக்கு மொத நாளே தட்டிப் பார்த்தேன்.”

அவள் கை வயிற்றின் மேல் போனது.

“தெரிஞ்சேதான் என்னைய அதுக்குக் கீழ உக்கார வச்சீங்களாப்பா?”