அளக்காமல் எழுதிய மூன்று கிராம்

பழுப்பு உறை போட்ட, விஞ்ஞானப் பரிசோதனை விடைகள் எழுதிய ஒரு செய்முறைக் கொப்பி. எங்கள் பள்ளிக்கூடத்தில் அது சீதனம் போலக் கைமாறும். மேல்வகுப்பு அக்காமார் பரீட்சை முடிந்ததும் கீழ்வகுப்பில் தங்களுக்குப் பிடித்த பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்த வருடம் எனக்குக் கிடைத்தது. கிரான் ஊரில் வயல் செய்யும் எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்பா கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் வைப்பவர். எழுதிவைத்தது பிழையாக இருக்கும் என்ற நினைப்பே எங்கள் வீட்டில் யாருக்கும் வந்ததில்லை.

மார்கழி மழை விட்ட கிழமை, கடலோடு கலக்கும் எங்கள் வாவியின் தண்ணீர் நூறு மில்லிலீற்றர் எடுத்து, வற்றக் காய்ச்சி, மிஞ்சும் உப்பை நிறுத்து எழுதச் சொன்னார் விஞ்ஞான மிஸ். நான் காய்ச்சவில்லை. கொப்பியில் மூன்று கிராம் என்றிருந்தது, அழகாக எழுதினேன். மற்றவர்கள் என்னைப் பார்த்து எழுதினார்கள். என் பக்கத்தில் இருப்பவள் மட்டும் அரைக் கிராம் என்று எழுதினாள். வாழைச்சேனையில் மீன்பிடிக்கும் வீட்டுப் பிள்ளை. மிஸ் பழைய விடையோடு ஒப்பிட்டுச் சிவப்புக் கோடு கீறினார். அந்தப் புள்ளி போனதில் அவள் பாடத்தில் தேறவில்லை, எனக்கு விஞ்ஞானப் பரிசு.

“மிச்ச உப்ப உங்கட பூனை நக்கிட்டோகா?” என்று முதலில் சிரித்தவளும் நான்தான்.

“நீ காய்ச்சினியா?” என்றாள் அவள்.

“அக்காட கொப்பியில கிடக்கு.”

“அக்கா வந்தா இந்த மழைத் தண்ணியக் காய்ச்சின? வயல்காரிக்கு என்ன தெரியும். போய் வாயில வச்சுப் பாருகா.”

அன்று பஸ்ஸை விட்டுவிட்டு வாவிக்கரைக்குப் போனேன். உள்ளங்கையில் அள்ளிய தண்ணீரில் உப்பு நாக்கைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. மழைவெள்ளம் முழுதும் வாவிக்குள் இறங்கியிருந்தது. யாரோ ஓர் அக்கா ஏதோவோர் ஆவணி வெயிலில் மூன்று கிராமை உண்மையாகவே அளந்திருப்பாள். அவள் பொய் எழுதவில்லை. எப்போது, எங்கே அளந்தது என்று நாங்கள்தான் கேட்கவில்லை. எல்லாவற்றையும் சந்தேகிப்பதல்ல, அந்த இரண்டு கேள்வியைக் கேட்பதுதான் சிந்தனை என்று இன்றைக்குச் சொல்வேன். அன்றைக்கு மிஸ்ஸிடம் போகத் துணியவில்லை. பரிசளிப்புக்கு வருவதற்காக அப்பா ஒரு நாளும் விட்டகலாத வயலைப் பக்கத்து வயல்காரரிடம் ஒப்படைத்திருந்தார்.

மூன்றாம் நாள், “மிஸ், நான் காய்ச்சிப் பாக்கல்ல” என்றேன்.

மிஸ் கொப்பியை மூடினார். “நானும் பாக்கல்ல பிள்ள” என்றார்.

அடுத்த நாள் வகுப்பே காய்ச்சியது. தராசு அரைக் கிராமைத் தாண்டவில்லை. அவள் பாடத்தில் தேறினாள். பரிசு வேறொருத்திக்குப் போனது.

அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். ஏசவில்லை, வயலைத் திரும்பப் பொறுப்பெடுக்கப் போனார். அதுவரை எந்தக் கடிதம் வந்தாலும், நான் வாசித்து முடிக்குமுன் பெருவிரலை மையில் தோய்த்துவிடுவார். அடுத்த வருடம், வெள்ளத்தில் அழிந்த வயலின் நட்டக் கணக்கென்று அரசாங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. முழுதும் வாசித்தேன். அப்பா விரலை மடக்கிக்கொண்டு கேட்டார்:

“இத எழுதினவர் எங்கட வயலுக்கு வந்து பாத்தவரோ பிள்ள?”