டைல்ஸ் வீட்டு அரிசி

மருதமுனையில் மஜீட் மேசனோடு தெருவில் நடப்பது ஒரு காலத்தில் பெரிய தொல்லை. நாலு வீட்டைத் தாண்டுவதற்குள் பொழுது போய்விடும். ஒவ்வொரு வாசல் கேற்றுக்கு முன்னாலும் நின்று, "நான் கட்டின இந்தச் சுவரப் பாருங்க மச்சான், எத்தின மாரி மழ கண்டிட்டு, ஒரு வெடிப்பு இரிக்கா?" என்று கேட்பார். இல்லை என்று நான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் முகம் சுண்டிவிடும். என் மனைவி றஸ்னாவின் கூடப்பிறந்த மூத்த காக்கா அவர். சொல்லித்தான் ஆக வேண்டும்.

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து சேருவார். பெற்றவர்கள் வீட்டை மகளுக்கு எழுதிவிட்டு, பின்பக்கம் சமைக்கிற குசினியோடு ஒரு சின்ன அறையை இறக்கிக்கொண்டு அதற்குள் ஒதுங்கிவிடுவார்கள். ஆகையால் பெண்பிள்ளை பெற்றவனால் வீடு கட்டும் மேசனைப் பகைக்க முடியாது. மௌலவிக்கு அடுத்தபடி எங்கள் தெருவில் சலாம் வாங்கியவர் மஜீட் மச்சான்தான். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

எங்கள் பின் மதிலுக்கு அந்தப் பக்கம் ஜெனூபாவின் வீடு. அவளுடைய வாப்பா முபீன் தறி நெய்தவர். மாவடிப்பள்ளியில் அவருக்குக் கொஞ்சம் வயல் இருந்தது. மகளுக்கு வீடு கட்டியபோது சீமெந்துத் தரையோடு நிறுத்தத்தான் முபீன் நினைத்தார். கட்டிக்கொடுத்த மச்சான்தான் விடவில்லை. "டைல்ஸ் போடாத ஊட்டுக்கு எந்த மாப்புள வருவான்? நாளைக்கு உங்கட மகள்தான் தலகுனியணும்" என்றார். வயல் போனது, டைல்ஸ் வந்தது. முத்துப்போல வெள்ளை டைல்ஸ். மாப்பிள்ளையாகச் சியாமும் வந்தான், நல்ல பிள்ளை, கொழும்பில் நடைபாதையில் உடுப்பு விற்பவன். கலியாணம் முடிந்த அடுத்த வருடம் முபீன் மௌத்தாகிவிட்டார். தனியாளான அவர் மனைவி ஜுனைதா பின் அறையில் இருந்துகொண்டு, தறிக்கொட்டிலில் நூல் சுற்றும் வேலைக்குப் போய்வந்தார். ஜெனூபாவுக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்தது. வயல் இருந்திருந்தால் வீட்டில் நெல்லாவது இருந்திருக்கும். அதை அப்போது யார் யோசித்தார்கள்?

பிறகு கொரோனா வந்தது. ஊரடங்கு. தறிகள் நின்றன. தோணிகள் கரையில் கிடந்தன.

முதல் வாரம் பள்ளிவாசலுக்கு முன்னால் நடந்ததைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. வெளியூர்த் தனவந்தர்கள் வான் வண்டியில் உலருணவுப் பொதிகளைக் கொண்டுவந்து, ஊரடங்கு தளர்ந்த வேளை பார்த்துக் கொடுத்தார்கள். கொடுத்தார்கள் என்ன, எறிந்தார்கள். மாடி வீட்டுக்காரர்கள் மோட்டார்சைக்கிளில் வந்து இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு போனார்கள். நெரிசலில் ஒரு கிழவி விழுந்து கையை முறித்துக்கொண்டார். பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் பொலிஸும் வந்து, இனி இப்படி நடந்தால் கொடுப்பவரையும் வாங்குபவரையும் சேர்த்தே உள்ளே போடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கள் பள்ளியை நடத்தும் மரைக்காயர்மார் கூடிப் பேசினார்கள். அதட்டினால் அடங்குகிற மாதிரி ஒரு குரல் வேண்டும் என்று முடிவாயிற்று. அந்தக் குரல் மஜீட் மச்சானிடம் இருந்தது.

சும்மா சொல்லக்கூடாது, மச்சான் கிடைத்த பொறுப்பை ஒழுங்காகத்தான் செய்தார். மறுநாளே ஒலிபெருக்கியில் அவர் குரல் கேட்டது. இனி யாரும் யாருக்கும் தனியாக ஒன்றும் கொடுக்கக் கூடாது, வீட்டுக்கு வீடு சட்டி பாத்திரம் போகக் கூடாது, எல்லாம் பள்ளிக்கு வரவேண்டும், பள்ளியிலிருந்து வாசலுக்கு வரும். ஒருவனுக்குச் சம்பா, மற்றவனுக்குச் சிவப்பரிசி என்று போனால் அடிபாடு வரும் என்பதால் எல்லாப் பொதியும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். யாருக்குக் கொடுப்பது, யாருக்கு இல்லை என்ற கேள்விக்கும் அவரிடம் கைவசம் பதில் இருந்தது.

"டைல்ஸ் ஊடு குடுக்கிற ஊடு, தகர ஊடு வாங்கிற ஊடு. இதுல கதைக்க என்ன இரிக்கி?"

தெருவே மெச்சியது. மோட்டார்சைக்கிள்காரர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். தகர வீடுகளுக்கு நெரிசலில்லாமல் சாமான் போய்ச் சேர்ந்தது. நானும் தலையை ஆட்டினேன். ஒரே ஒரு ஆள்தான் முகத்தைச் சுளித்தது, அது றஸ்னா.

"காக்கா, மதிலால நான் ஜெனூபாக்குக் கறி குடுக்கிறனான். அதுவும் கூடாதா?"

"கூடாது."

"அது ஏழைக்குக் குடுக்கிற ஸதகா இல்லியே காக்கா. கறிதானே. அவவும் பிட்டு அவிச்சா எனக்குத் தருவா."

"என்ட தங்கச்சியே மீறினா நான் ஊருக்கு என்னெண்டு மைக்கில கதைக்கிற?"

அன்றைக்கே சட்டி நின்றுபோனது. மதிலால் போன கறி பசிக்குப் போனதா பிரியத்துக்குப் போனதா என்று எங்கள் தெருவில் யாரும் கேட்டதில்லை. கேட்காமல் இருந்ததால்தான் பலபேர் தலை நிமிர்ந்து சாப்பிட்டார்கள். இது எனக்குப் பிறகுதான் விளங்கியது, விளங்கி என்ன பயன்?

நோன்பு நெருங்க நெருங்கப் பள்ளிக்கு வந்த சாமான் குறைந்தது. மச்சான் டைல்ஸ் வீடுகளுக்கு நேரில் போய்க் கேட்கக் கிளம்பினார். முகக்கவசம் போட்டுக்கொண்டு, சாக்குப் பிடிக்க நானும் கூடப் போனேன். ஜெனூபாவின் கேற்றுக்கு முன்னால் நின்று சலாம் சொன்னார்.

ஜெனூபா யன்னலுக்கு வந்தாள். ஜுனைதா பின்பக்கத்தால் சுற்றி வந்து நின்றார்.

"தங்கச்சி, ஏழை எளியதுகளுக்கு ஏதாச்சும் தாங்க" என்றார் மச்சான்.

ஜுனைதா மகளின் முகத்தைப் பார்த்தார். மகள் தாயின் முகத்தைப் பார்த்தாள். மச்சான் அந்தப் பேச்சில்லாமையை வேறு விதமாக எடுத்துக்கொண்டார்.

"காசு இல்லாட்டிப் பறவாயில்ல. கொஞ்சம் அரிசி எண்டாலும் காணும்."

"கொஞ்சம் பொறுங்க காக்கா."

உள்ளே போன ஜுனைதா திரும்பி வரச் சுணங்கியது. வரும்போது கையில் ஒரு தலையணை உறை. அதற்குள் சிவப்பரிசி, வாயைப் பச்சை நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது. தறிக்கொட்டிலில் நூல் சுற்றுகிறவர்கள் போடும் முடிச்சு அது, சின்னதாக, அழுத்தமாக இருக்கும். மச்சானுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"முபீன்ட ஊடெண்டா முபீன்ட ஊடுதான். அல்லாஹ் பறக்கத் செய்வான் தங்கச்சி."

ஜுனைதா சிரித்தார். நாங்கள் அடுத்த கேற்றுக்குப் போனோம்.

நோன்பு வந்தது. மற்ற வருடங்களில் பள்ளியில் கஞ்சி காய்ச்சுவார்கள். பணக்காரன் வீட்டு வாளியும் போகும், பஞ்சப்பட்டவன் வீட்டு வாளியும் போகும், எல்லாம் ஒரே வரிசையில் இருக்கும். அந்த வருடம் கஞ்சியும் இல்லை. ஒருநாள் அஸர் தொழுகை நேரத்தில் மதிலுக்கு அந்தப் பக்கம் ஜெனூபா கத்தினாள். நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது ஜுனைதா கிணற்றடியில் விழுந்து கிடந்தார். பொலிஸிடம் கெஞ்சி ஒரு ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சேலைன் ஏற்றி மறுநாள் அனுப்பிவிட்டார்கள். வருத்தம் ஒன்றும் இல்லை, உடம்பில் சத்து இல்லை, சாப்பாடு கொடுங்கள் என்றார்கள்.

ஜெனூபா றஸ்னாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள்.

"ஊட்டுல ஒண்டும் இல்ல மாமி. ரெண்டு மூணு பிடி இரிந்தா அதப் பிள்ளைக்குக் கஞ்சி வெச்சம். உம்மா நோன்பு நோன்பெண்டு சொல்லிச் சொல்லியே இரிந்தா. நோன்பு வரமுந்தியே அவ நோன்பு. துறக்கிறதும் வெறுந் தேத்தண்ணிதான்."

"சியாம் ஒண்டும் அனுப்பல்லியா புள்ள?"

"அவரு கொழும்புல அறைக்குள்ள அடபட்டுக் கிடக்காரு. அவருக்கே யாரும் குடுத்தாத்தான் சாப்பாடு."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிரிக்கலாமே."

"அண்டைக்கு மேசன் காக்கா கேற்றடியில வந்து நிண்டாரே, அப்ப இரிந்த அரிசியே அவ்வளவுதான் மாமி. இல்லெண்டு சொன்னா மாப்புள ஊட்டாக்களுக்குக் கத போகும். வாப்பாட ஊடு இல்லெண்டு சொல்லக்கூடாதெண்டு உம்மா கட்டிக் குடுத்திட்டா."

றஸ்னா வீட்டுக்கு வந்து, அங்கே இருந்த காக்காவிடம் ஒரு சொல்லையும் குறைக்காமல் சொன்னாள். அவள் இவ்வளவு கோபமாகக் கதைத்து நான் பார்த்ததில்லை. மச்சான் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினார். நான் பின்னால் போனேன்.

பள்ளிக்குப் பக்கத்தில் மதரஸா அறையில்தான் சாமான்கள் இருந்தன. பொதிகளை மச்சான் செங்கல் அடுக்குகிற மாதிரி நேராக அடுக்கியிருந்தார். ஒன்றை எடுத்துத் தோளில் வைத்தார். திரும்பும்போது மூலையைப் பார்த்தார். பொதியோடு சேராத சாமான்களை ஒதுக்கிவைத்த மூலை அது. அரைப் பை மா, கொஞ்சம் பயறு, அதற்கு மேலே அந்தத் தலையணை உறை. பச்சை முடிச்சு அவிழ்க்காமல் அப்படியே இருந்தது. துணிமேல் வண்டு ஊர்ந்தது.

எல்லாப் பொதியிலும் சம்பா. இது சிவப்பு. அதனால் சேரவில்லை. அவர் போட்ட ஒழுங்குதான்.

மச்சான் பொதியை இறக்கிவிட்டு நிலத்தில் உட்கார்ந்தார். "இத ஒருத்தருக்கும் குடுக்கயும் இல்லியே மச்சான்" என்றார். எனக்கு அவர்மேல் கோபமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

இரண்டையும் தூக்கிக்கொண்டு ஜெனூபாவின் வீட்டுக்குப் போனோம். ஜுனைதா பின் அறையில் சுவரில் சாய்ந்து இருந்தார். எங்களைக் கண்டதும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "வாங்க காக்கா" என்றார். மச்சான் பொதியையும் உறையையும் பக்கத்தில் வைத்தார். ஜுனைதாவின் கை நேரே முடிச்சுக்குப் போனது.

"இது என்ட முடிச்செல்லவா?"

மச்சான் தலையை ஆட்டினார்.

"போய்ச் சேரல்லியா காக்கா?"

"இல்ல தங்கச்சி. மத்த அரிசியோட சேரல்ல எண்டு ஒதுக்கி வெச்சிட்டம்."

ஜுனைதா உறையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். பொதியை மெதுவாக எங்கள் பக்கம் தள்ளினார்.

"இது என்ட அரிசி. இத எடுக்கிறன். அது வேணாம் காக்கா. டைல்ஸ் ஊடு வாங்கப்படாதெண்டு நீங்கதானே மைக்கில சொன்னீங்க. இப்ப வாங்கினா ஜெனூபாட பேர் என்னத்துக்கு ஆகும்?"

"ஒருத்தருக்கும் தெரியாது தங்கச்சி. பின் மதிலால றஸ்னாட்டக் குடுத்து விர்றன்."

"பின் மதிலால வந்துகொண்டிரிந்தததானே காக்கா நீங்க நிப்பாட்டின?"

குரலில் கோபம் இல்லை. ஏசியிருந்தால் மச்சானும் ஏதாவது சொல்லித் தப்பியிருப்பார். ஜெனூபா சுளகைக் கொண்டுவந்து, கதவுக்கு அப்பால் முன் அறைத் தரையில் உட்கார்ந்து அரிசியைப் புடைக்கத் தொடங்கினாள். வெள்ளை டைல்ஸில் வண்டுகள் விழுந்து ஊர்ந்தன. மச்சான் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பொதியைத் தோளில் எடுத்துக்கொண்டு எழும்பினார்.

எங்கள் வீட்டுக்கு வந்ததும் றஸ்னா அவர் தோளிலிருந்த பொதியை வாங்கினாள். குசினியில் வைத்துப் பிரித்தாள். அன்று நோன்பு துறக்க முதலே கறிச்சட்டி மதிலுக்கு மேலால் போனது, சோற்றோடு. ஜுனைதா அதை வாங்கிக்கொண்டார். மறுநாள் ஒலிபெருக்கியில் மச்சானின் குரல் கேட்கவில்லை. எனக்கு ஏலாது, வேறு ஆளைப் பாருங்கள் என்று மரைக்காயர்மாரிடம் சொல்லிவிட்டார்.

சியாம் பிறகு ஊர் வந்து சேர்ந்தான். ஜுனைதா மறுபடியும் நூல் சுற்றப் போகிறார். தெருவில் மச்சானைக் கண்டால், "வாங்க காக்கா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று மனதாரக் கூப்பிடுவார். "இன்னொரு நாளைக்கு வாறன் தங்கச்சி" என்பார் இவர். அந்த இன்னொரு நாள் இத்தனை வருடமாக வரவில்லை. தன் கையால் பதித்த டைல்ஸில் கால் வைக்க அவரால் முடியவில்லை.

போன மாதம் நிந்தவூரிலிருந்து ஒருவர் மகளுக்கு வீடு கட்ட வேண்டும் என்று வந்தார். காசு போதாது, இருக்கிற வயலை விற்று டைல்ஸ் போடலாமா என்று கேட்டார். "சீமெந்துத் தரையே காணும். வயல வெச்சிக்கங்க" என்றார் மச்சான். வந்தவர் வேறு மேசனைத் தேடிப் போய்விட்டார்.

இப்போதெல்லாம் மச்சானோடு தெருவில் நடப்பது தொல்லையே இல்லை. எந்தக் கேற்றுக்கு முன்னாலும் நிற்பதில்லை, ஒன்றும் கேட்பதில்லை. ஜெனூபாவின் வீடு வரும்போது நடையை எட்டிப் போடுவார். நான்தான் அந்தச் சுவரைப் பார்ப்பேன். இத்தனை மாரிக்குப் பிறகும் அதில் ஒரு வெடிப்பும் இல்லை. அதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.